மெய்நிகர் பொறியும் கொள்கலனும்: சில கடாவிடைகள்

சொல்லடைவும் தொடரடைவும் சிறுசிறு அட்டைகளில் கையால் எழுதித் தொகுக்கப்பெற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அப்பணியின் பெரும்பகுதியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. ஆய்வுத்துறைகள் பலவும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணிப்பொறி ஒன்றைத் தமக்கென அமைத்து, அதன்கண் மூலநூல்களையும் பாடவேறுபாட்டுத் தொகுதிகளையும் அவற்றைத் தேடுதற்குரிய மென்பொருள்களையும் இட்டு வைத்துள்ளன. அத்துறையினர் தொழில்நுட்பம் வல்லாரை அணுகுங்கால், "இதனை மெய்நிகர் பொறியில் இடலாமா, கொள்கலனில் இடலாமா?" என்று அவர் வினவுகின்றனர். வினாவின் பொருள் விளங்காமையின், தமிழாய்வாளர் "தாங்கள் தக்கதெனக் கருதுவதைச் செய்க" என்று கூறி அமைகின்றனர். அவ்வமைதியால் விளைந்த இழப்பொன்றை யாம் அறிவோம்; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இப்பொருள் பற்றிப் பலகாலும் கேட்கப்பெறும் வினாக்களை எடுத்துக்கொண்டு, நம் உரையாசிரியர் கையாண்ட கடாவிடை முறையில் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். மெய்நிகர் பொறி யாது, கொள்கலன் யாது, இரண்டும் ஒன்றோ வேறோ, எது விரைவுடையது, எது காவலுடையது, எது நெடுங்காலம் நிற்பது என்பன அவ்வினாக்கள். ஒவ்வொன்றற்கும் தனித்தனி விடை கூறுதல் எளிது. ஆயின் அவ்விடைகள் மனத்தில் நில்லா. பொதுவும் சிறப்பும் அறிந்து பொருள்களை வேறுபடுத்தல் இலக்கணம் பயின்றார்க்குப் பழகிய நெறி. ஒரே கணிப்பொறியின்மேல் பல அமைப்புகள் இயங்கும்போது அவை எதனைப் பொதுவாகக் கொண்டுள்ளன, எதனைத் தத்தமக்கே உரியதாகக் கொண்டுள்ளன என்னும் ஒரு வினாவிற்கு விடை கண்டால், ஏனையவை அதனுள் அடங்கும் என்பது எம் கருத்து.

பெயர்ப்பொருள்

'மெய்நிகர்' என்பது 'வர்ச்சுவல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வழங்குவது. அவ்வாங்கிலச் சொல் வலிமை, ஆற்றல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிப் பிறந்தது. வடிவால் அதுவன்றாயினும் ஆற்றலால் அதுவேயாதல் என்பது கருத்து. 'போலிப் பொறி' என்றால் என்னை எனின், போலி என்னுஞ் சொல் இன்று ஏமாற்று என்னும் இழிபொருள் பெற்றுவிட்டமையின் அது பொருந்தாது என்க. ஆயினும் எழுத்ததிகாரம் பயின்றார் அச்சொல்லை அவ்வாறு கருதார். அறம் என்பது அறன் என நின்றாலும், நிலம் என்பது நிலன் என நின்றாலும் பொருள் வேறுபடுவதில்லை. ஓரெழுத்து நின்ற இடத்தில் மற்றோரெழுத்து நின்று, அதன் பணியைக் குறைவறச் செய்கின்றது. மெய்நிகர் பொறி இத்தகைய போலியே. உண்மைப் பொறி நின்ற இடத்தில் மென்பொருளால் ஆன பொறி ஒன்று நிற்கின்றது. அதன்மேல் இயங்கும் இயங்குதளத்திற்குப் பொருள் வேறுபடுவதில்லை. வழக்கு வலிமையுடையது ஆதலின், யாமும் மெய்நிகர் என்றே வழங்குவோம்.

மெய்நிகர் பொறியின் தோற்றம்

இது நேற்றுத் தோன்றிய புதுமை என்று கருதுவார் பலர். இதன் தொடக்கம் அறுபது ஆண்டுப் பழமையுடையது. அமெரிக்க நாட்டில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நடுவத்தில், இராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் 1964ஆம் ஆண்டின் இறுதியில் இம்முயற்சியைத் தொடங்கினர். அந்நாளில் கணிப்பொறி பெருவிலையுடையது. ஆய்வாளர் பலர் ஒன்றனையே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பலரையும் ஏற்கும் பேரியங்குதளம் ஒன்றை எழுதுதல் ஒரு வழி. அவர்கள் அவ்வழியை மேற்கொண்டிலர். ஒருவர்க்கு மட்டுமே பயன்படும் எளிய இயங்குதளம் ஒன்றை எழுதி, ஒவ்வொருவர்க்கும் முழுப்பொறி ஒன்று உண்டு என்னும் தோற்றத்தைக் கீழிருந்து படைத்தனர். சி.பி.-40 எனப் பெயரிய அவ்வமைப்பு 1967ஆம் ஆண்டு சனவரியில் பயன்பாட்டிற்கு வந்தது. சிஸ்டம்/360 வரிசையைச் சார்ந்த மாடல் 40 என்னும் ஒரு பொறியின்மேல், ஒவ்வொன்றும் 256 கிலோபைட் நினைவகம் உடையதாகப் பதினான்கு மெய்நிகர் பொறிகள் வரை அதன்கண் இயங்கின. அவற்றின் நினைவகங்களைக் கூட்டினால் உண்மைப் பொறியின் நினைவகத்தினும் பன்மடங்கு மிகும். அஃது எங்ஙனம் இயலும் எனின், எவரும் தம் நினைவகம் முழுவதையும் ஒரே நொடியில் வேண்டுவதில்லை; வேண்டாப் பகுதியை வேறிடத்து வைத்து, வேண்டும் பகுதியை மட்டும் உரிய நேரத்திற் கொணர்தலான் இயலும் என்க. இதன் வழித்தோன்றலான வி.எம்./370 என்பதை 1972ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்டது. அக்குடியைச் சார்ந்த இசட்/வி.எம். இன்றும் அதன் பெருங்கணிப்பொறிகளில் இயங்குகின்றது.

பொறிக்கும் மெய்நிகர் பொறிகட்கும் இடையே நின்று இத்தோற்றத்தைப் படைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அக்காலத்தில் இயங்குதளத்தின் உட்பகுதியைச் சூப்பர்வைசர், அஃதாவது மேற்பார்வையாளர், என்று வழங்கினர். அதற்கும் மேல் ஒன்று வந்தமையின் ஹைப்பர் என்னும் முன்னொட்டைச் சேர்த்தனர். சூப்பர் இலத்தீன், ஹைப்பர் கிரேக்கம், இரண்டும் ஒருவேரின, இரண்டிற்கும் 'மேல்' என்பதே பொருள். மொழி மாற்றத்தால் ஒரு படி உயர்வு கிடைத்தது என்பது மொழிநூலார்க்கு நகை விளைக்கும்.

தோற்றம் எத்துணை உண்மையாயின் அது மெய்நிகர் பொறியாகும்? இவ்வினாவிற்கு 1974ஆம் ஆண்டில் ஜெரால்டு போபெக், இராபர்ட் கோல்டுபர்க் என்னும் இருவர் வரையறை தந்தனர். உள்ளே இயங்கும் மென்பொருள் உண்மைப் பொறியில் எவ்வாறு நடக்குமோ அவ்வாறே இங்கும் நடத்தல் வேண்டும். காலத்தாழ்வும் வளக்குறைவும் பற்றிய வேறுபாடு மட்டுமே விலக்கு. கட்டளைகளுள் மிகப்பெரும்பாலன இடையீடின்றி நேரே மையச் செயலகத்தின்மேல் இயங்குதல் வேண்டும். பொறியின் வளங்கள் அனைத்தும் ஹைப்பர்வைசரின் ஆட்சியிலேயே இருத்தல் வேண்டும். இம்மூன்றனுள் இடைநின்றது சிறப்பாகக் கருதத்தக்கது. ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் வாங்கிப் பொருள்கண்டு செய்து காட்டுமாயின், அது பாவனைப் பொறியேயன்றி மெய்நிகர் பொறியன்று. மெய்நிகர் பொறியில், கூட்டல் கழித்தல் போன்ற பொதுக்கட்டளைகள் நேரே இயங்கும். பொறியின் நிலையையே மாற்றக்கூடிய தனியுரிமைக் கட்டளை வருங்கால் மட்டும் செயலகம் தடைப்பட்டு, ஆட்சியை ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். அது அக்கட்டளையைத் தக்கவாறு நடித்துக் காட்டி, ஆட்சியை மீளத் தரும்.

இவ்வரையறை ஐ.பி.எம். பொறிகட்கு இசைந்தது. ஆயின் நம் மேசைமேலும் பெரும்பாலான வழங்கிகளிலும் உள்ள இன்டெல் வகைச் செயலகங்கட்கு நெடுங்காலம் இசையவில்லை. காரணம் நுட்பமானது. பாப்எஃப் என ஒரு கட்டளை உண்டு. இடையீடுகளை ஏற்பதா மறுப்பதா என்னும் குறியை அதனால் மாற்றலாம். உரிமையில்லாத மென்பொருள் அதனைச் செய்ய முயன்றால், செயலகம் தடைப்பட்டு ஹைப்பர்வைசரை அழைத்தல் வேண்டும். அது தடைப்படாமலும் சொன்னதைச் செய்யாமலும் வாளா கடந்து போயிற்று. இயங்குதளமோ தன் ஆணை நிறைவேறியது என்று கருதி மேற்செல்லும். பிழை எங்கோ பின்னர் வெடிக்கும். பென்டியம் செயலகத்தில் இத்தகைய கட்டளைகள் பதினேழு உள என்று 2000ஆம் ஆண்டில் இராபின், இர்வைன் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர்.

இம்முட்டுப்பாட்டிற்கு வழி கண்டவர் 1998ஆம் ஆண்டில் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தோற்றுவித்த மெண்டல் ரோசன்பிளம், டயான் கிரீன் முதலிய ஐவர். இயங்குதளத்தின் உட்பகுதிக் கட்டளைகளை இயங்குமுன் படித்து, இடர்தரும் கட்டளை வரும் இடங்களில் வேறு கட்டளைகளைப் பெய்து அவர்தம் மென்பொருள் இயங்கச் செய்தது. மூலத்தைத் திருத்தாமல் படிதோறும் திருத்திக்கொண்ட செயல் இது. இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2003ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட சென் என்னும் அமைப்போ மூலத்தையே திருத்தியது; தான் இருப்பது மெய்நிகர் பொறியில் என்பதை இயங்குதளம் அறிந்து ஒத்துழைக்குமாறு அதனை மாற்றி எழுதினர். பின்னர் இன்டெல் 2005ஆம் ஆண்டிலும் ஏ.எம்.டி. 2006ஆம் ஆண்டிலும் செயலகத்திலேயே இதற்குரிய வசதியைச் சேர்த்தன. 2007ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் பகுதி லினக்ஸ் இயங்குதளத்தோடு இணைந்தது. அதனால் விலையின்றியே ஹைப்பர்வைசர் எவர்க்கும் கிட்டிற்று. இதனை ஈண்டுக் கூறுதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியபின், ஒருமுறை வாங்கி என்றும் பயன்படுத்தும் உரிமம் நிறுத்தப்பட்டுத் தவணைக் கட்டணமே முறையாயிற்று. சிறு துறைகள் இச்செலவைத் தாங்குதல் அரிது, கே.வி.எம். வழி ஒன்று உண்டு என்பதை அவை அறிதல் நன்று.

கொள்கலன் யாது?

கொள்கலன் வேறொரு மரபில் வந்தது. 1979ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சி.எச்.ரூட் என்னும் வசதி இருந்தது. ஒரு செயல்முறைக்குக் கோப்புகளின் முழு மரத்தையும் காட்டாமல், ஒரு கிளையை மட்டும் காட்டி அதுவே வேர் என்று கருதச் செய்தல் அதன் பணி. 2000ஆம் ஆண்டில் ஃபிரீபி.எஸ்.டி. இயங்குதளம் இதனைச் செயல்முறைகள், வலையமைப்பு முகவரி ஆகியவற்றிற்கும் விரித்து, சிறை என்று பெயரிட்டது. லினக்ஸில் இவ்வளர்ச்சி சிறிது சிறிதாக வந்தது. ஒரு செயல்முறை எவற்றைக் காணலாம் என்பதை வரையறுக்கும் பெயர்வெளிகள் 2002ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எவ்வளவு நினைவகமும் செயலக நேரமும் கொள்ளலாம் என்பதை வரையறுக்கும் கட்டுப்பாட்டுக் குழுக்கள், கூகுள் நிறுவனப் பொறியாளர் முயற்சியால் 2008ஆம் ஆண்டில் இடம்பெற்றன. காட்சிக்கு ஒரு வரம்பு, நுகர்ச்சிக்கு ஒரு வரம்பு. இவ்விரண்டும் சேர்ந்ததே கொள்கலன். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் இவற்றை எளிய ஆணைகளால் கையாளவும், ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் படிமம் என்னும் ஒரே கட்டாக்கி வேற்றிடங்கட்கு அனுப்பவும் வழி செய்தது. கொள்கலன் என்னும் சொல் நாடெங்கும் பரவியது அதன் பின்னரே.

பெயர் ஈண்டு மயக்கந் தருகின்றது. கப்பலில் ஏற்றும் சரக்குக் கொள்கலன் எஃகுச் சுவர் உடையது. எந்தக் கப்பலில் ஏற்றினும் அதன் சுவர் அதனோடு செல்லும். மென்பொருட் கொள்கலனுக்கு அத்தகைய சுவர் இல்லை. லினக்ஸின் கெர்னல் என்னும் உட்பகுதியை ஆராய்ந்தால், கொள்கலன் என்னும் ஒரு பொருள் அதன்கண் யாண்டும் காணப்படாது. காணப்படுவன சில வரம்புகட்கு உட்பட்ட பொதுவான செயல்முறைகளே. சுவர் என்பது கொள்கலனுடையதன்று, கெர்னல் எழுப்புவது. படிமம் எங்குச் செல்லினும் சுவரை அந்தந்த இடத்துக் கெர்னலிடமே கடன்பெறுதல் வேண்டும்.

இதனை எவரும் சோதித்தறியலாம். கொள்கலனுள் ஒரு மென்பொருளை இயக்கி, உள்ளிருந்து செயல்முறைப் பட்டியலைக் காணின், அதன் எண் ஒன்று எனத் தோன்றும். தானே முதல்வன் என்று அது கருதிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் வெளியே வழங்கியில் பட்டியலைக் காணின், அதே செயல்முறை நாலாயிரத்துச் சொச்சம் என ஏதோ ஓர் எண்ணுடன் ஏனையவற்றுக்கு இடையே வரிசையில் நிற்கும். ஒருவர்க்கே வீட்டுப்பெயர் ஒன்றும் ஊர்ப்பெயர் ஒன்றும் இருத்தல் போன்றது இது. மெய்நிகர் பொறியில் இவ்வாறு காணவியலாது. அதனுள் நூறு மென்பொருள்கள் இயங்கினும், வெளியே ஒரே செயல்முறையாகவே அது தோன்றும். உள்ளே நடப்பது வழங்கியின் இயங்குதளத்திற்குத் தெரியாது.

எனவே மெய்நிகர் பொறிகட்குப் பொதுவாவன வன்பொருளும் ஹைப்பர்வைசரும். இயங்குதளம் ஒவ்வொன்றற்கும் சிறப்பு. கொள்கலன்கட்கு வன்பொருளோடு கெர்னலும் பொது. கோப்புகளும் துணைநிரல்களும் மட்டுமே சிறப்பு. மெய்நிகர் பொறியும் கொள்கலனும் ஒன்றோ வேறோ எனின், பிரித்து வைத்தல் என்னும் பயனால் ஒன்று, பிரிக்கும் இடத்தால் வேறு என்க.

விரைவும் காவலும்

விரைவு பற்றிய வினாவிற்கு விடை உடனே பெறப்படும். மெய்நிகர் பொறி தொடங்குங்கால் முழு இயங்குதளம் விழித்தெழல் வேண்டும்; கொள்கலனில் கெர்னல் முன்னரே விழித்திருத்தலின் ஒரு செயல்முறை தொடங்கும் நேரமே போதும். நினைவகச் செலவும் அவ்வாறே. தொடங்கிய பின்னர்க் கணக்கீட்டு விரைவில் இரண்டிற்கும் பெரும்பாலும் மிக்க வேறுபாடில்லை. 'மெய்நிகர் பொறி மந்தமானது' என்னும் பொதுக்கூற்றை இன்றைய செயலகங்கள் பொய்ப்பித்துவிட்டன.

காவல் பற்றிய வினா ஆழமானது. கொள்கலனே போதிய காவலுடையது என்பாரும், மெய்நிகர் பொறியை உடைக்கவே இயலாது என்பாரும் உளர். இருசாராரும் மிகைபடக் கூறுகின்றனர். பொதுவாக இருப்பது எதுவோ அதன் வழியேதான் ஊறு வரும். கொள்கலன்கட்குக் கெர்னல் பொது. அதன் வாயில்களான அமைப்பு அழைப்புகள் முந்நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றுள் ஒன்றில் பிழை இருப்பினும் ஒரு கொள்கலனிலிருந்து வழங்கி முழுவதும் கைப்படலாம். கொள்கலன்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்னும் கருவியிலேயே அத்தகைய பிழை ஒன்று 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்டது. கொள்கலனுள் இருப்பவன் வெளியே உள்ள அக்கருவியையே மாற்றி எழுதக்கூடும் என்பது அறியப்பட்டது. மெய்நிகர் பொறியின் வாயில்கள் குறைவு, ஆயினும் உள. 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்ட வெனம் என்னும் பிழை, மெய்நிகர் பொறிகட்கு நெகிழ்வட்டு இயக்கியைப் போல நடிக்கும் சிறு நிரலில் இருந்தது. நெகிழ்வட்டைப் பயன்படுத்துவாரே அருகிய பின்னரும், அதனைப் போல நடிக்கும் நிரல் மறக்கப்பட்டு அங்கேயே கிடந்து கேடு விளைத்தது. ஏட்டுச்சுவடியில் வழக்கிழந்த எழுத்தொன்று பாடத்தை மயக்குதல் போன்றது இது. 2018ஆம் ஆண்டு சனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகளோ செயலகத்தினுள்ளேயே இருந்தன. செயலகம் இருவகைக்கும் பொது ஆதலின், இருவகையும் அவற்றால் ஊறுபடத்தக்கனவாயின.

ஒருவரையொருவர் அறியாத பலரின் பொருளை ஒரே பொறியில் வைப்பார் இதனை உணர்ந்துள்ளனர். அமேசான் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், 125 மில்லிநொடியளவில் தொடங்கும் மிகச் சிறிய மெய்நிகர் பொறிகளை ஆக்குவது. கொள்கலனின் விரைவையும் மெய்நிகர் பொறியின் சுவரையும் ஒருங்கு பெறும் முயற்சி அது. மெய்நிகர் பொறியினுள் கொள்கலன்களை இடலாமா என்று சிலர் ஐயத்துடன் கேட்பர். இடலாம், வாடகை வழங்கிகளில் பெரும்பாலும் நடப்பது அதுவே. விண்டோஸ், மேக் கணிப்பொறிகளில் லினக்ஸ் கொள்கலன்களை டாக்கர் இயக்குங்கால், கண்ணுக்குத் தோன்றாமல் ஒரு லினக்ஸ் மெய்நிகர் பொறியைத் தொடங்கி அதனுள்ளேயே இயக்குகின்றது. அந்தக் கெர்னல் அங்கு இன்மையின் கடன்பெறுதற்கு வேறு வழி இல்லை.

கூகுள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட குபர்னெட்டிஸ் பற்றியும் வினவுவர். அது பல வழங்கிகளில் எண்ணிறந்த கொள்கலன்களை நடத்துவது. அப்பெயர் கிரேக்கத்தில் மீகாமனைக் குறிக்கும். ஒரே தோணி உடைய துறைக்கு மீகாமன் வேண்டா. துடுப்பு வலிப்பார் ஒருவர் போதும்.

அழிவு பற்றிய வினா

தொடக்கத்தில் சுட்டிய இழப்பை இனிக் கூறுவோம். சிற்றிலக்கியம் ஒன்றன் மூன்று சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைத் தரவுத்தளத்தில் பதியும் பணியில் யாமும் பங்குகொண்டோம். துறையின் பெயரும் நூலின் பெயரும் ஈண்டு வேண்டா. ஐந்து திங்கள் பணி நடந்தது. தரவுத்தளம் ஒரு கொள்கலனுள் இருந்தது. ஒரு நாள் அம்மென்பொருளின் புதிய பதிப்பு வந்தமையின், பொறுப்பாளர் பழைய கொள்கலனை நீக்கிப் புதிய படிமத்திலிருந்து மற்றொன்றைத் தொடங்கினார். அவர் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. கொள்கலனைப் புதுப்பிக்கும் முறை அதுவே. மறுநாள் திறந்து பார்த்தபோது ஒரு பதிவும் இல்லை.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது எனின், படிமம் என்பது மாற்றவொண்ணாதது. அச்சிட்ட நூலின் பக்கத்தின்மேல் ஒளிபுகும் மெல்லிய தாளை இட்டு, அத்தாளில் திருத்தம் எழுதுவதாகக் கொள்க. மேலிருந்து காண்பார்க்கு நூலே திருத்தப்பட்டது போலத் தோன்றும், நூலோ தொடப்படவில்லை. கொள்கலன் இயங்குங்கால் எழுதப்படும் அனைத்தும் அந்த மெல்லிய தாளிலேயே விழுகின்றன. கொள்கலனை நிறுத்தினால் தாள் இருக்கும். நீக்கினால் தாளும் போம். நிலைத்து நிற்க வேண்டியவற்றை, வால்யூம் எனப்படும் தனிச் சேமிடம் ஒன்றில் எழுதுமாறு தொடக்கத்திலேயே ஆணையிட வேண்டும். அச்சேமிடம் கொள்கலனின் வாழ்நாளோடு பிணைக்கப்படாதது. அவ்வோர் ஆணை அங்கு விடுபட்டிருந்தது. மெய்நிகர் பொறியாயின், மென்பொருளைப் புதுப்பித்தற்காகப் பொறியையே நீக்கும் வழக்கம் இன்மையின், இவ்வழிவு இவ்வாறு நேர்ந்திராது. முதல் இரு சுவடிகளின் வேறுபாடுகளைப் பழைய பழக்கத்தால் அட்டைகளிலும் எழுதியிருந்தோம், அவை மீண்டன. மூன்றாவதை நேரே திரையில் பதிந்தமையின், அதனை முதலிலிருந்து மீளவும் பார்க்க வேண்டியதாயிற்று. "எம் தரவு எத்தாளில் எழுதப்படுகின்றது?" என்று அன்று ஒருவரேனும் கேட்டிருத்தல் வேண்டும், தமிழ்ப் புலமை உடைய எம்முள் எவரும் கேட்டிலேம்.

மெய்நிகர் பொறி வைத்திருப்பார் இதற்கு மறுதலையான ஒரு மயக்கத்தில் வீழ்வர். ஸ்னாப்ஷாட் எனப்படும் நிலைப்பதிவு எடுத்துவைத்துள்ளோம், ஆகவே காப்புப்படி வேண்டா என்பர். பெரும்பாலான அமைப்புகளில், நிலைப்பதிவு என்பது அக்கணத்திற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களை வேறாக எழுதத் தொடங்குதலேயாகும். அடிப்படை வட்டுக்கோப்பு அழியின் நிலைப்பதிவும் பயனற்றுப் போம். மூலம் இல்லாத பாடவேறுபாட்டுப் பட்டியலைக் கொண்டு நூலைப் பதிப்பித்தல் யார்க்கும் இயலாது. காப்புப்படி வேறு வட்டில், கூடுமாயின் வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும்.

நெடுங்காலம் நிற்பது எது?

நம் துறைக்கு இன்றியமையாத வினா இது. யூனிகோடு பரவுமுன் தமிழைக் கணிப்பொறியிற் பதிதற்குத் தகுதரங்கள் பல இருந்தன. திஸ்கி ஒன்று, 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தாம், தாப் என்பன வேறு. இவையன்றி, ஒவ்வொரு தட்டச்சு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துரு முறையைக் கொண்டிருந்தது. 2010ஆம் ஆண்டில் அரசு யூனிகோட்டை ஏற்றது. ஆயினும் அதற்கு முன்னர்த் தொகுக்கப்பெற்ற சொல்லடைவுகளும் அகராதித் தரவுகளும் பழைய முறையிலேயே வட்டுகளில் உறங்குகின்றன. உரிய எழுத்துரு இன்றித் திறப்பின் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பெயர்பெற்ற குறிமுறைகட்கு மாற்றிகள் உள. பெயரறியாதவற்றிற்கோ, அவை பிறந்த மென்பொருளை அது பிறந்த இயங்குதளத்திலேயே இயக்கிப் பார்த்தல் ஒன்றே உறுதியான வழி.

விண்டோஸ் 98இல் மட்டும் இயங்கும் அத்தகைய மென்பொருள் ஒன்றைக் கொள்கலனில் காக்கலாமா எனின், காத்தல் இயலாது. அவ்வியங்குதளத்தின் உட்பகுதியைக் கடன் தருவார் இன்று எவருமிலர். மெய்நிகர் பொறியில் இயலும்; இயங்குதளம் அதற்குச் சிறப்பாதலின் அது உடன்வரும். லினக்ஸ் மென்பொருளாயின் கொள்கலனும் பெரும்பாலும் உதவும். பழைய மென்பொருளின் அழைப்புகளைப் புதிய கெர்னலும் ஏற்றல் வேண்டும் என்பதை அதனை ஆக்குவோர் உறுதியாகப் போற்றி வருகின்றனர். ஆயினும் விலக்கு உண்டு. வி.சிஸ்கால் என்னும் பழைய வழியை அடைத்துவைத்த கெர்னல்களின்மேல், சென்ட்ஓ.எஸ். 6 என்னும் பதிப்பின் படிமங்கள் தொடங்கியவுடனேயே வீழ்ந்தன. படிமம் ஓரெழுத்தும் மாறவில்லை; மாறியது பொதுவாக நின்ற கெர்னல்.

மெய்நிகர் பொறியும் என்றும் நிற்கும் என்று கொள்ளற்க. செயலகம் அதற்குப் பொது. 2020ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் இன்டெல் செயலகத்தை விடுத்து ஆர்ம் வகைக்கு மாறத் தொடங்கியபோது, இன்டெலுக்குரிய மெய்நிகர் பொறிகள் அவற்றின்மேல் நேரே இயங்கும் ஆற்றலை இழந்தன. அந்நிலையில், முன்னர் யாம் விலக்கிய பாவனைப் பொறியே துணையாகின்றது. ஃபேப்ரிசு பெல்லார்டு தொடங்கிய கியூஎமு என்னும் மென்பொருள் வேற்றுச் செயலகத்தின் கட்டளைகளைப் பெயர்த்துப் பெயர்த்து இயக்குகின்றது. அது தாழ்த்தே இயங்கும். ஆயினும் அகராதித் தரவு ஒன்றைத் திறந்து எழுத்துகளைப் படித்து யூனிகோட்டிற்கு மாற்ற அவ்விரைவு போதும். அங்ஙனம் காக்க விழைவார் வட்டுக்கோப்போடு எழுத்துருவின் கோப்பையும், இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும், அதற்குத் தரவேண்டிய நினைவக அளவையும் தனியொரு குறிப்பாக எழுதி உடன்வைத்தல் வேண்டும். அக்குறிப்பைத் தாளிலும் ஒரு படி எடுத்து வைக்க.